திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வாடகை வீடு: குடும்பத்தோடு குடிவருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021-இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். முதல் வீட்டைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. பால்கனிக் கதவைத் திறந்ததும் கடல் காற்று குப்பென்று உள்ளே வந்தது. மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். குடிவந்த இரண்டாம் நாள் குக்கரில் ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு வேகவில்லை. தண்ணீர் அவ்வளவு உப்பு.

அந்த வீட்டில் 11 மாதம் தள்ளினோம். காலி செய்தபோது அட்வான்ஸைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தோம். இப்போது இருப்பது இரண்டாவது வீடு, கடற்கரைக்கு எட்டு நிமிட நடை. இந்தத் தெருவை விட்டு வேறு எங்கும் போக எங்கள் வீட்டில் யாருக்கும் மனமில்லை. முதல் வீட்டில் பட்டது நீங்களும் படக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தப் பகுதி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே 'பீச் பக்கம்'தான். ஆனால் ஒவ்வொரு பகுதியின் குணமும் வேறு.

பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய அவென்யூக்களில் வாடகை அதிகம். சனி, ஞாயிறு மாலைகளில் ஊரே அங்கே வந்துவிடும். உங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒருவருடைய கார் நிற்கும். வார நாட்களில் அவ்வளவு தொந்தரவில்லை. பஸ் வசதி நன்றாக இருக்கிறது. பெசன்ட் நகர் பஸ் நிலையத்திலிருந்துதான் பெரம்பூருக்கு 29சி, அயனாவரத்துக்கு 23சி புறப்படுகின்றன. உட்காரவும் இடம் கிடைக்கும்.

வால்மீகி நகர், கலாக்ஷேத்ரா காலனி இரண்டும் அமைதியானவை, மரங்கள் அடர்ந்தவை, கடலுக்கும் பக்கம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் முதல் சிபாரிசு இவைதான். என்ன, வீடு காலியாவதே அபூர்வம்.

சாஸ்திரி நகரும் இந்திரா நகரும் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கின்றன. அதே பணத்துக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கலாம். வீட்டில் ஒருவருக்கு டைடல் பார்க் பக்கமோ மயிலாப்பூர், சேப்பாக்கம் பக்கமோ வேலை என்றால், இந்திரா நகர் அல்லது திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். அந்த ரயில் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகிறது. டைடல் பார்க்குக்கு திருவான்மியூர் நிலையத்தில் இறங்கினால் போதும்.

மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் பழைய ஊர். காய்கறி, பூ, மளிகை, பஸ் எல்லாம் காலடியில். தெருக்கள் குறுகல் என்பதால் கார் நிறுத்த இடம் பெரும்பாலும் இருக்காது. இன்னும் தெற்கே போனால் கொட்டிவாக்கம். அங்கே ஈ.சி.ஆரை (கிழக்குக் கடற்கரைச் சாலையை)க் கடக்காமல் பிள்ளைகள் கடற்கரைக்குப் போக முடியுமா என்று பார்த்து வீடு எடுங்கள். அந்தச் சாலையில் வண்டிகள் வரும் வேகத்துக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது.

2. எப்போது தேடுவது

பள்ளிக்கூடம் ஜூனில் திறப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு தேடுவார்கள். அப்போது பேரம் பேச வழியே இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.

அவசரமில்லை என்றால் ஆடி மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள். வீடு சும்மா கிடக்கும். உரிமையாளர் இறங்கி வருவார். மார்கழியும் அப்படித்தான். நாங்கள் இந்த வீட்டை ஆடியில் பேசி முடித்து ஒப்பந்தம் போட்டோம். ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சினோம். அந்த இடைவெளிக்கு உரிமையாளர் வாடகை கேட்கவில்லை. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

பெசன்ட் நகருக்குச் சாமான் ஏற்றி வருபவர்கள் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையான நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா நடக்கும் நாட்கள் அவை. கொடியேற்றத்திலிருந்தே பாதயாத்திரை வருபவர்கள் சாலையெங்கும் இருப்பார்கள். போக்குவரத்தைத் திருப்பி விடுவதால் லாரி உள்ளே வருவது சிரமம்.

3. வீட்டை மூன்று நேரங்களில் பாருங்கள்

மாலையில் மட்டும் பார்த்தால் எந்த வீடும் சொர்க்கமாகத்தான் தெரியும். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். கோடையில் கடல் காற்று பெரும்பாலும் நண்பகலுக்கு மேல்தான் உள்ளே நுழையும். அது தாமதமாகும் நாட்களில் வெயில் கொளுத்திவிடும். கிழக்கு, தென்கிழக்கு ஜன்னல் இருக்கும் அறைக்குத்தான் காற்று வரும். 'கடலுக்குப் பக்கம்' என்று விளம்பரம் செய்த வீட்டில் எல்லா ஜன்னலும் மேற்கே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பார்க்கப் போகும்போது பையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் பேனா மாதிரியான கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து அதை முக்கினால் எண் காட்டும். இந்தியத் தர நிர்ணய அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. எங்கள் முதல் வீட்டுக் குழாயில் பிறகு அளந்தபோது 2,300 காட்டியது. இப்போதைய வீட்டில் 600-ஐ ஒட்டி இருக்கிறது.

சமையலறைக் குழாயோடு நிறுத்தாதீர்கள். பல அடுக்குமாடிகளில் சமையலறைக்கு மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்), குளியலறைக்கு போர் தண்ணீர் என்று தனித்தனி இணைப்பு இருக்கும். எல்லாக் குழாயிலும் அளந்து பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். குழாய் மூக்கில் வெள்ளைப் பொருக்கு, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, பக்கெட் விளிம்பில் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு வளையம் இருந்தால் போதும், தண்ணீர் உப்பு. கையில் சோப்பு போட்டுப் பாருங்கள்; நுரை வராது.

மழைக்காலத்தில் பார்க்கும் தண்ணீரை நம்பிவிடாதீர்கள். நவம்பரில் இனிக்கும் கிணறு மே மாதத்தில் கரிக்கும். "மே மாதம் எப்படி இருக்கும்? மாதத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறீர்கள்? லாரி செலவு பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா?" இந்த மூன்றையும் உரிமையாளரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டில் கேளுங்கள். எங்கள் தெருவில் இப்படிக் கேட்டதில்தான் எதிர்வீட்டு மாமி அறிமுகமானார். "அந்த வீட்டை எடும்மா, கிணறு வத்தினதே இல்ல" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களை இங்கே கொண்டுவந்தது.

அடுத்தது உப்புக்காற்று. அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். பால்கனியின் அடிப்பாகம், சன்ஷேட், மாடிப்படியின் கீழ்ப்பக்கம் ஆகியவற்றில் சிமென்ட் உப்பியிருக்கிறதா, பெயர்ந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் புதிய பெயின்ட்டில் மயங்கவேண்டாம். ஜன்னல் கிரில்லை விரல் நகத்தால் சுரண்டுங்கள். தகடு தகடாக உதிர்ந்தால் அந்த வீட்டைப் பல வருடங்களாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

தரைத்தளம் என்றால் இன்னொன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். இஸ்திரி வண்டிக்காரர், காவலாளி, பால்காரர் யாராக இருந்தாலும் கையைக் காட்டி, "இதுவரைக்கும்" என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

4. டோக்கன் கொடுப்பதற்கு முன் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை

உணவுப் பழக்கத்தை முதல் போனிலேயே பேசிவிடுங்கள். இந்தப் பக்கம் 'சைவம் மட்டும்' என்று நிபந்தனை போடும் வீடுகள் நிறைய. விளம்பரத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, டோக்கனும் கொடுத்த பிறகு, "மீனெல்லாம் சமைக்க மாட்டீங்களே?" என்றார்கள். மறைத்து வாழ மனம் வரவில்லை. டோக்கனைத் திரும்ப வாங்கப் பத்து நாள் ஆனது. பிள்ளைகள் சொந்த வீட்டில் பயந்து பயந்து சாப்பிடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். மறுப்பவர்கள் முதலிலேயே மறுத்துவிடட்டும்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு எண் இருக்க வேண்டும். 'சப் மீட்டர் போட்டிருக்கிறோம், யூனிட்டுக்கு இவ்வளவு' என்றால் அரசு தரும் 100 இலவச யூனிட் உங்கள் கைக்கு வராமல் போகலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் குறைந்த கட்டணப் படிகள் போய்விடும். ஒரே மின் இணைப்பில் இரண்டு வீடு ஓடினால் சுலபமாகத் தாண்டிவிடும். இணைப்பு எண்ணை வாங்கி இணையத்தில் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெயின்டிங் கட்டணம் இன்னொரு பொறி. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்காகப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம் போலவே ஆகிவிட்டது. எவ்வளவு, எத்தனை வருடம் இருந்தால் பிடிக்கக் கூடாது என்பதை இப்போதே பேசி எழுத்தில் கொண்டுவாருங்கள். கார் நிறுத்தும் இடம், மொட்டை மாடியில் துணி காயவைக்கும் உரிமை, வருடத்துக்கு எத்தனை சதவீத உயர்வு என்பதெல்லாமும் அதில் சேர வேண்டும்.

5. ஒப்பந்தமும் பணமும்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இரு தரப்பும் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது.

"பதினோரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவெல்லாம் எதற்கு?" என்று புரோக்கர் சொல்வார். நாங்களும் அதைக் கேட்டுத்தான் முதல் வீட்டில் பதிவு செய்யாமல் விட்டோம். உரிமையாளர் பெயின்டிங்குக்கு ஒரு மாதம் பிடித்துக்கொண்டு, மீதியைத் தவணை முறையில் தந்தபோது எங்கள் கையில் காட்ட எதுவும் இல்லை. பதிவு செய்யாத காகிதத்தை வைத்துக்கொண்டு நியாயம் கேட்பது மிகவும் கஷ்டம். அந்த நான்கு மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் கணவர் போன் செய்வார். எதிர்முனையில் எடுக்க மாட்டார்கள். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் அது.

செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத அட்வான்ஸ் 90,000, முதல் மாத வாடகை 30,000, புரோக்கர் மூலம் வந்தால் கமிஷன் பெரும்பாலும் ஒரு மாத வாடகை, அது ஒரு 30,000. ஆக, சாமானை லாரியில் ஏற்றுவதற்கு முன்பே ஒன்றரை லட்சம் கையில் வேண்டும். பராமரிப்புக் கட்டணம், ஒப்பந்தச் செலவு, லாரி, ஏ.சி. கழற்றி மாட்டும் கூலி எல்லாம் தனி. முன்பெல்லாம் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். இப்போதும் கேட்பவர்கள் உண்டு. சட்டத்தைச் சொல்லிப் பணிவாகப் பேசினால் குறைத்துக்கொள்கிறார்கள். இடமே கொடுக்காதவர்களின் வீட்டை விட்டுவிடுவது நல்லது.

உங்கள் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டியவை:
– ஆதார், பான் நகல்கள், குடும்பத்தினர் விவரம்
– வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டை நகல்
– புகைப்படங்கள் (உரிமையாளர் காவல் நிலையத்தில் கொடுக்கும் வாடகைதாரர் விவரப் படிவத்துக்கும் தேவைப்படும்)

உரிமையாளரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: அவர் பெயரில் சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது, பான் எண். வீடு பார்க்க வந்தவர் உரிமையாளரின் தம்பி, மருமகன் என்றால், கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்கான உரிமையாளர் கோபப்பட மாட்டார்.

வருமான வரியில் மூன்று விஷயம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து வரிச்சலுகை கேட்பவர்கள், உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் 2 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்தப் பக்கத்து வீடுகளில் பலவற்றின் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். உரிமையாளர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் வாடகை எவ்வளவாக இருந்தாலும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் நோட்டீஸ் வாடகைதாரருக்குத்தான் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

எல்லாப் பணத்தையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். சாவி வாங்கும் அன்று ஒவ்வொரு அறையையும், சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ் எல்லாம் தெரிய வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை. இரண்டு வருடம் கழித்து அதுதான் பேசும்.

6. குடிவந்த முதல் மாதம்

கேஸ் இணைப்பு வேறு ஊரிலிருந்து வருகிறதென்றால் கிளம்புவதற்கு முன்பே பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதைத் தேடிப் போக முடியாது. நாங்கள் மறந்துபோய் மூன்று வாரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்தோம்.

பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் ஆதார் முகவரி மாற்றம் சுலபம். ஆதார் மாறிய பிறகு மற்றதெல்லாம் வரிசையாக மாறும். ரேஷன் அட்டைக்கு உணவு வழங்கல் துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. இந்த வரிசையை மாற்றி முயற்சி செய்தால் ஒவ்வொரு இடத்திலும் முந்தைய ஆவணத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

பள்ளி மாற்றுச் சான்றிதழை அசலோடு மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

7. உப்புக்காற்றோடு வாழப் பழகுங்கள்

இது யாரும் சொல்லித்தராத பாடம். ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த பக்கம் மாட்டாதீர்கள். வேறு வழியில்லையென்றால், துருப்பிடிக்காமலிருக்க மேல்பூச்சு உள்ள காப்பர் காயில் மாடலாக வாங்குங்கள். சர்வீஸ் செய்ய வரும்போதெல்லாம் வெளி யூனிட்டையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். எங்கள் பழைய ஏ.சி.யின் பின்பக்கத் தகடுகள் இரண்டே வருடத்தில் தொட்டால் தூளாக உதிர்ந்தன.

சைக்கிள், பைக் செயினுக்கு மாதம் இருமுறை எண்ணெய். உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு பிடி அரிசி போட்டு வைத்தால் கட்டிப்படாது. அப்பளம், முறுக்கு எல்லாம் காற்று புகாத டப்பாவில் இல்லையென்றால் மாலைக்குள் நமுத்துவிடும். பட்டுப்புடவைகளை மழைக்காலம் முடிந்ததும் எடுத்து நிழலில் காயவைத்து, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும்.

8. கடலோடும் தெருவோடும் பழகுவது

முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்: கால் நனைக்கலாம், கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது. பார்க்கச் சாதுவாக இருக்கும் இந்தக் கரையில் இழுவை அதிகம். நீச்சல் தெரிந்தவர்களே உயிரை விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முழங்காலுக்கு மேல் நனையக் கூடாது என்பது சட்டம். அதை மீறினால் அந்த வாரம் கடற்கரை இல்லை.

கடற்கரை பக்கத்தில் இருப்பதன் அருமை விடியற்காலையில்தான் தெரியும். ஐந்தரை மணிக்கு ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் பக்கம் போனால் ஃபைபர் படகுகள் கரை ஏறுவதைப் பார்க்கலாம். வலையை மணலில் விரித்து உட்கார்ந்து, சிக்கிய மீனை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். சங்கராவும் நெத்திலியும் காரப்பொடியும் கண்முன்னே கூடைக்குப் போகும். சாலையோரம் விற்கும் அக்காக்களிடம் ஒருவரையே வாடிக்கையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில், "இன்னைக்கு உனக்குச் சரியா வராது, நாளைக்கு வா" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சிறு படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறும். அந்த இரண்டு மாதம் நாங்கள் கருவாட்டுக்கு மாறிவிடுவோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். சின்னப் பிள்ளைகளால் இரவு முழுக்க நடக்க முடியாது. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை நேரத்துக்கு அழைத்துப் போங்கள். என் மகன் முதன்முதலாகப் பார்த்தது ஐந்து வயதில். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு அலையில் புரண்டு, மறுபடி நிமிர்ந்து, மறுபடி கடலைப் பார்த்தே போனது. அது மறையும் வரை அவன் மூச்சுவிடாமல் நின்றான். அந்தச் சமயங்களில் கடற்கரையில் பிளாஷ் அடிக்காதீர்கள். வீடு கடலைப் பார்த்திருந்தால் இரவில் வெளி விளக்கை அணைத்துவையுங்கள். வெளிச்சத்தைக் கடலென்று நினைத்துக் குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் வந்துவிடும்.

தெருவில் பழக நீங்கள்தான் முதல் அடி எடுத்துவைக்க வேண்டும். பால் காய்ச்சிய அன்றே மாமியார் சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு எட்டு வீட்டுக் கதவையும் தட்டினார். நான்கு நாள் கழித்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று திரும்பி வந்தது. வேளாங்கண்ணி பாதயாத்திரை நாட்களில் எங்கள் தெருமுனையில் எல்லா வீட்டாரும் சேர்ந்து மோர்ப் பந்தல் போடுவார்கள். என் பிள்ளைகள் தம்ளர் நீட்டுவார்கள். எதிர்வீட்டு மாமி மோருக்கு இஞ்சி தட்டிப்போடுவார். கேட்டால், "நடந்து வர்றவாளுக்குத் தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்பார். புதிதாக வந்தவர்கள் அந்தப் பந்தலில் போய் நின்றாலே போதும், ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பெயர் தெரிந்துவிடும்.

மிக்ஜாம் அன்று கரண்ட் போய், மோட்டார் ஓடாமல், தண்ணீரும் இல்லை. கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர். அவர்கள் ஆறு பேரும் எங்கள் கூடத்தில்தான் படுத்தார்கள். மேல்வீட்டு அக்கா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உப்புமா கிண்டினார். கிணற்றில் வாளி போட்டு, மாடிவரை வரிசையாக நின்று கைமாற்றிக் குடம் குடமாக ஏற்றினோம். மாமி சொன்ன அந்தக் கிணறுதான்.

அதனால் கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று. வந்த முதல் வாரத்திலேயே, மழைக்காலத்துக்குக் காத்திருக்காமல், பக்கத்து நான்கு வீட்டு போன் எண்களையும் ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டுங்கள். செல்போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் எண் பயன்படாது. உங்கள் வீட்டுச் சாவி ஒன்றை நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். எங்களுடையது மாமி வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.